பழைய நினைவா, புதிய செவியா?

இளையராஜாவின் காலம் எண்பதுகளோடு முடிந்தது. 2005இல் வெளிவந்த ‘திருவாசகம்’ இசைத்தொகுப்பை இன்றும் போற்றுவோர் பழைய நினைவில் மயங்குவோரே என்பர் சிலர். இக்கூற்று பொருந்தாது. அத்தொகுப்பு வெளிவந்தபோது யான் தவழும் குழந்தை. மயங்குவதற்குப் பழைய நினைவு எனக்கேது?

‘அன்னக்கிளி’ (1976) முதலாகத் திரைக்கதைகளுக்கு இசையமைத்தவர், இங்கே அத்தேவையைத் துறந்தார். மாணிக்கவாசகரின் பாடல்களை நடுவே நிறுத்தி, ஹங்கேரிய இசைக்குழுவை அவற்றுக்குத் துணையாக்கினார். முயற்சியை முன்னின்று நடத்தியவர் ஒரு கத்தோலிக்கக் குரு. தமிழரும் முஸ்லிம்களும் அயலவராய் வாழும் நற்பிட்டிமுனையில், முஸ்லிம் மாணவனாகிய யான் அதனைக் கேட்கின்றேன். “உமக்கு இதில் என்ன உரிமை?” என வினவுவோர்க்கு விடை ஒன்றே: தமிழ் என் தாய்மொழி.

நினைவை மட்டும் நம்பிய கலை தன் தலைமுறையோடு மடியும். இதுவோ, தனக்குப் பின் பிறந்தோரின் செவிகளையும் வென்று நிற்கின்றது.