தராசு முள் பேசலாமா?

நீதிதேவதையின் கண்ணைக் கட்டியவர்கள் வாயைக் கட்டாமல் விட்டது ஏன் என்று விடுதி நண்பர் ஒருவர் வேடிக்கையாகக் கேட்டார். சிரித்துவிட்டேன். பிறகு சிந்தித்தேன்.

சென்ற ஆண்டு எங்கள் விடுதிப் பேச்சுப் போட்டிக்கு நான் நடுவர். முதல்நாள் இரவு தேநீர்க் கடையில், "இவன் பேசினால் எதிரே யார் நிற்க முடியும்?" என்று ஒரு மாணவனைப் புகழ்ந்துவிட்டேன். மறுநாள் அவனே நன்றாகப் பேசினான்; அவனுக்கே முதற்பரிசு தந்தேன். மதிப்பெண்ணில் பிழையில்லை. ஆனால் தோற்ற தம்பி கேட்டான்: "அண்ணா, முடிவு நேற்றே ஆகிவிட்டதல்லவா?" என்னிடம் விடையில்லை. நடுவன் நேர்மையாக இருந்தால் மட்டும் போதாது, தோற்றவனும் அதை நம்பவேண்டும் என்று அன்று அறிந்தேன்.

பேச்சுப் போட்டிக்கே இந்நிலை என்றால், ஒருவனுடைய நிலத்தையும் உயிரையும் தீர்மானிக்கும் நீதிமன்றத்திற்கு எத்துணை எச்சரிக்கை வேண்டும்! 1997இல் நம் உச்சநீதிமன்ற நீதிபதிகள் தமக்குத் தாமே 16 நெறிகளை வகுத்துக்கொண்டனர். அரசியல் பற்றியும் நிலுவையிலுள்ள வழக்குகள் பற்றியும் பொதுவில் கருத்துரைக்கலாகாது. தீர்ப்பே பேசட்டும், பேட்டி வேண்டாம் என்பன அவற்றுட் சில. ஆயினும் 2022இல் கல்கத்தா உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவர், தாம் விசாரித்துவந்த வழக்கைப் பற்றித் தொலைக்காட்சியில் பேசினார். மறு ஆண்டு உச்சநீதிமன்றம் அவ்வழக்கை வேறு நீதிபதிக்கு மாற்றச் சொன்னது. 2024இல் அவர் பதவி துறந்து, கட்சியில் சேர்ந்து, நாடாளுமன்றத்திற்கும் தேர்வானார். அவருடைய தீர்ப்புகள் நேர்மையானவையாகவே இருக்கலாம். ஆனால் அவர்முன் தோற்றவர்கள் என்ன நினைப்பார்கள்?

அதற்காக நீதிபதியை ஊமையாக்கச் சொல்லவில்லை. நீதிபதிகள் வானொலியில் பேசுவதைத் தவிர்க்கவேண்டும் என்று 1955இல் இங்கிலாந்தில் கில்மூர் பிரபு விதித்த கட்டுப்பாடு 1987இல் கைவிடப்பட்டது. சட்டத்தைப் பாமரனுக்கு விளக்கும் நீதிபதி நமக்குத் தேவை. 2018இல் நான்கு உச்சநீதிமன்ற நீதிபதிகள் செய்தியாளர்களை அழைத்து, வழக்குகள் ஒதுக்கப்படும் முறையைக் குறைகூறினர். அதையும் நான் தவறென்று சொல்லமாட்டேன். அவர்கள் நீதிமன்றம் நடக்கும் முறையைப் பேசினார்கள். எந்த வழக்கிலும் யார் வெல்லவேண்டும் என்று பேசவில்லை.

ஆகவே என் கருத்து இதுதான். நீதிபதி சட்டத்தைப் பற்றிப் பேசட்டும். கட்சியைப் பற்றியும், தம்முன் வரக்கூடிய வழக்கைப் பற்றியும் பேசாதிருக்கட்டும். முகநூலில் இடும் விருப்பக்குறியும் பேச்சுதான். அவரும் குடிமகன்தானே, பேச்சுரிமை இல்லையா என்பார்கள். உண்டு. ஆனால் அந்த நாற்காலியை விரும்பி ஏற்றவர் அவ்வுரிமையில் ஒரு பகுதியை, தோற்றுத் திரும்பப் போகிறவனுக்காக விட்டுக்கொடுத்தே ஆகவேண்டும்.

இவ்வாண்டும் என்னை நடுவராக அழைத்தார்கள். ஒப்புக்கொண்டேன். முதல்நாள் இரவு தேநீர்க் கடைக்கு மட்டும் போகவில்லை.