கட்டிக் கொடுத்த சோறு

போன வருடம் நண்பர் ஒருவரின் சிறு பதிப்பகத் தளத்தில் புத்தக அட்டைகளின் படத்தொகுப்பு திடீரென்று நின்றுபோனது. வேர்ட்பிரஸ் தளம். பிரவுசரின் கன்சோலைத் திறந்தால் ‘இஸ் நாட் எ ஃபங்ஷன்’ என்று சிவப்பில் ஒரு வரி. பக்கத்தின் மூலத்தைப் பார்த்தேன். ஒரே பக்கத்தில் மூன்று ஜேக்வெரி! ஒன்று வேர்ட்பிரஸ் தானே தருவது. இரண்டாவது, ஸ்லைடர் ப்ளக்இன் கையோடு கொண்டுவந்தது. மூன்றாவது, தொடர்புப் படிவத்துக்காகக் காசு கொடுத்து வாங்கிய ப்ளக்இனின் வயிற்றுக்குள், அதன் சொந்த நிரலோடு சேர்த்துச் சுருக்கி அமுக்கப்பட்டிருந்தது. கடைசியாக வரும் ஜேக்வெரி முன்னால் வந்ததன் பெயரைத் தனதாக்கிக்கொள்ளும். முதலாவதோடு தன்னை இணைத்துக்கொண்டிருந்த படத்தொகுப்பு, மூன்றாவதில் தன்னைத் தேடி, காணாமல் விழித்துக்கொண்டு நின்றது.

படிவ ப்ளக்இன்காரருக்கு எழுதினேன். பதில் வந்தது: “எல்லாமே உள்ளயே வெச்சுட்டோம் சார். அப்பதான் கஸ்டமருக்குத் தலைவலி இருக்காது.” அந்தப் பதிலுக்கான பதில்தான் இது.

யாருடைய தலைவலியைப் பற்றிப் பேசுகிறோம்? தன் ப்ளக்இன் எல்லாத் தளங்களிலும் ஒரேமாதிரி ஓடவேண்டும், சோதிப்பது எளிதாக இருக்கவேண்டும், புகார் வரக்கூடாது. நியாயமான ஆசை. ஆனால் அது எழுதுபவரின் சௌகரியம். அதற்கான செலவை வேறொருவர் பல வருடங்களுக்குக் கட்டுகிறார், தான் கட்டுவது தெரியாமலேயே. கட்டிக் கொடுத்த சோறு எத்தனை நாளைக்கு என்று கேட்பார்கள். புளியோதரைக்காவது இரண்டு நாள் என்று கணக்கு உண்டு. ப்ளக்இனுக்குள் வைத்த நூலகம் என்றைக்குக் கட்டியது என்பதே சாப்பிடுபவருக்குத் தெரியாது. நான் பார்த்த கோப்பில் பதிப்பு எண்ணைச் சொல்லும் முதல் வரிக் குறிப்பைக்கூடத் துடைத்திருந்தார்கள். (ஜேக்வெரியின் எம்ஐடி உரிமம் கேட்பது ஒன்றே ஒன்றுதான், காப்புரிமைக் குறிப்பை நகலோடு வை என்று. அதுகூட முடியவில்லை.)

இதன் விபரீதம் தெரிய 2015 மே மாதத்தை நினைவுபடுத்திக்கொண்டால் போதும். ஜெனரிகான்ஸ் என்ற சின்னங்களின் எழுத்துருத் தொகுப்பு. அதோடு, சின்னங்கள் எப்படித் தெரியும் என்று காட்ட ஒரு மாதிரிப் பக்கம். தளம் இயங்க அந்தப் பக்கம் தேவையே இல்லை. ஆனாலும் தொகுப்பை அப்படியே உள்ளே தூக்கி வைத்தவர்களின் வழியாக அதுவும் போய்ச் சேர்ந்தது. ஜெட்பேக் ப்ளக்இனிலும், வேர்ட்பிரஸ்ஸின் அன்றைய இயல்புத் தீமான ட்வென்டி ஃபிஃப்டீனிலும் இருந்தது. முகவரியில் ஹாஷ் குறிக்குப் பின்னால் எழுதுவதை நம்பி இயங்கிய அந்தப் பக்கத்தில் எக்ஸ்.எஸ்.எஸ். ஓட்டை. நிர்வாகியை ஒரு சுட்டியைச் சொடுக்க வைத்துவிட்டால் அவர் பெயரில் என்ன வேண்டுமானாலும் செய்யலாம். யார் யார் வீட்டில் எந்த மூலையில் அந்தக் கோப்பு கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஆகவே 4.2.2 பதிப்பில் வேர்ட்பிரஸ்ஸே ஒவ்வொரு தளத்தின் உள்ளடக்கக் கோப்புறையிலும் புகுந்து, அந்தக் கோப்பைத் தேடி அழிக்கவேண்டி வந்தது. வாசலில் நின்று தட்டுவதற்குப் பதில் வீட்டுக்குள் நுழைந்து பெருக்கிவிட்டுப் போவது! வேறு வழியும் இருக்கவில்லை.

வேர்ட்பிரஸ் மட்டும் யோக்கியமா என்று கேட்பீர்கள். இல்லைதான். 2016-இல் வந்த ஜேக்வெரி 1.12.4-ஐ 2020 டிசம்பர் வரை சுமந்துகொண்டிருந்தது. அந்த ஆகஸ்டில் 5.5 பதிப்பில் பழைய நிரல்களுக்கு முட்டுக் கொடுத்துவந்த மைக்ரேட் கோப்பை நிறுத்தியதும் ஏகப்பட்ட தளங்கள் படுத்துவிட்டன. அவசரமாக ஒரு உதவி ப்ளக்இனை வெளியிட்டார்கள். ஆனாலும் 5.6 வந்து 3.5.1-க்கு மாறியபோது, வேர்ட்பிரஸ்ஸின் பிரதியை நம்பியிருந்த தளங்களெல்லாம் ஒரே புதுப்பிப்பில் மேலேறின. 3.5.0-இல் அடைத்த எக்ஸ்.எஸ்.எஸ். ஓட்டைகள் அங்கே அடைபட்டன. ப்ளக்இனின் வயிற்றில் இருந்த பிரதி? அது அங்கேயேதான் இருந்தது. தளக்காரர் அப்டேட் பொத்தானை அழுத்தி, பச்சைக் குறி பார்த்து, நிம்மதியாகத் தூங்கப் போனார்.

“அப்ப சிடிஎன்ல இருந்து எடுக்கச் சொல்றீங்களா?” என்பார்கள். அது இதைவிட மோசம். 2024-இல் பாலிஃபில்.ஐஓ கைமாறிய பின் என்ன ஆயிற்று? அதிலிருந்து நேரடியாக நிரலை இழுத்துக்கொண்டிருந்த தளங்களின் வாசகர்கள் மோசடிப் பக்கங்களுக்குத் திருப்பப்பட்டார்கள். பொதுச் சேமிப்பில் இருப்பதால் வேகம் கிடைக்கும் என்ற பழைய வாதமும் செத்துவிட்டது. பிரவுசர்கள் இப்போது தளத்துக்குத் தளம் சேமிப்பைப் பிரித்தே வைக்கின்றன.

நான் உள்ளே வைக்காதே என்று சொல்லவில்லை. ஒளித்து வைக்காதே என்கிறேன். வேர்ட்பிரஸ்ஸிடம் ஏற்கெனவே இருக்கும் நூலகத்தை அதனிடமே கேட்டு வாங்கு. வேர்ட்பிரஸ் ப்ளக்இன் அடைவின் விதிகளே இதைத்தான் சொல்கின்றன. வெளியே காசுக்கு விற்பவரை அந்த விதி கட்டுப்படுத்தாது என்பதுதான் சிக்கல். வேர்ட்பிரஸ்ஸிடம் இல்லாத நூலகமா, தனிக் கோப்பாக, பெயரும் பதிப்பு எண்ணும் தெரிய, முறையாகப் பதிவு செய்து வை. அப்போது தளக்காரர் விரும்பினால் அதைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டலாம். மூல நூலகத்தில் ஓட்டை அடைக்கப்பட்டால் அன்றைக்கே உன் ப்ளக்இனுக்கும் புதிய பதிப்பு விடு. அதற்கு நேரமில்லை என்றால் அந்த நூலகத்தைத் தொடாதே. ஒரு படிவத்தில் மின்னஞ்சல் முகவரி சரியா என்று பார்க்க பிரவுசரே போதும். அதற்கு எதற்கு ஒரு முழு ஜேக்வெரி?

நண்பரின் தளத்திலிருந்து அந்த ப்ளக்இனைக் கழற்றிவிட்டு, நாற்பது வரியில் சாதாரணப் படிவம் ஒன்றை எழுதிக் கொடுத்தேன். படத்தொகுப்பு மறுபடி ஓடுகிறது. ஸ்லைடரையும் எடுத்துவிடலாம் என்றேன். “அது இருக்கட்டும்பா, பார்க்க நல்லா இருக்கு” என்கிறார்.