பாஸ்போர்ட்டும் புருஷனும்

வெளிநாட்டுப் பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்க என்ன தகுதி வேண்டும் என்று மாணவிகள் என்னிடம் கேட்கிறார்கள். பட்டம், பி.எட்., அனுபவம் என்று அடுக்கலாம். ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்னால் நிற்கும் தகுதிகள் இரண்டு. ஒன்று பாஸ்போர்ட். மற்றொன்று, பெண்ணாக இருந்தால், புருஷன்.

தென்கொரியாவை எடுத்துக்கொள்வோம். அங்கே மொழி ஆசிரியர்களுக்கான இ-2 விசா, ஆங்கிலத்தைப் பொறுத்தவரை ஏழு நாட்டவருக்கானது: அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. அவர்களுக்கு ஏதேனும் ஓர் இளங்கலைப் பட்டம் இருந்தால் விசா கிடைக்கும். அது விலங்கியலாகவும் இருக்கலாம். 2010இல் நடைமுறைக்கு வந்த இந்திய-கொரிய ஒப்பந்தம் நமக்கும் கதவைத் திறந்தது. ஆனால் நம்மிடம் பட்டத்தோடு ஆங்கில ஆசிரியர் பயிற்சிச் சான்றும் கேட்கிறார்கள். அதுவும் அரசுப் பள்ளிகளில் துணை ஆசிரியராக மட்டுமே. அங்கே பிறந்தவருக்குப் பிறப்பே பயிற்சி. நமக்குப் பயிற்சியும் போதாது. தாய்மொழியாகப் பேசுபவரே சிறந்த ஆசிரியர் என்ற இந்த நம்பிக்கை வெறும் மாயை என்று ராபர்ட் பிலிப்சன் 1992லேயே எழுதிவிட்டார். ஒரு மொழியைத் தட்டுத் தடுமாறிக் கற்றவளுக்குத்தான் பிள்ளை எங்கே தடுமாறும் என்று தெரியும்.

வளைகுடாவுக்கு வாருங்கள். அங்குள்ள இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகள் பி.எட்., அனுபவம், சான்றொப்பம் எல்லாம் கேட்கின்றன. கூடவே பல விளம்பரங்களில் ஒரு வரி இருக்கும்: கணவர் அல்லது தந்தையின் விசாவில் இருப்பவர்களுக்கு முன்னுரிமை. விசாச் செலவும் வீட்டு வாடகையும் பள்ளிக்கு மிச்சம். நம் படிப்பு அங்கே குடும்பத்தலைவரின் உபரி வருமானமாகிவிடுகிறது. தனியாக வரும் பெண்ணோ கூடுதல் செலவு.

அனுபவத்தின் கதை உள்ளூரிலேயே தொடங்குகிறது. “பொண்ணுக்கு டீச்சர் வேலைதான் சரி” என்று நம்மை பி.எட். வகுப்பில் உட்கார வைத்தார்கள். தனியார் பள்ளிகளில் பதினோரு ஆண்டுகள் ஆங்கிலம் நடத்தினேன். கையெழுத்து வாங்கியது ஒரு தொகைக்கு, கையில் கொடுத்தது வேறொரு தொகை. ஒரு பள்ளி, பாதி ஆண்டில் போய்விடக்கூடாதென்று என் ஒரிஜினல் சான்றிதழ்களைப் பூட்டி வைத்தது; நான்கு ஆண்டு உழைப்புக்கு அனுபவச் சான்று தரவே இல்லை. பிள்ளை பெற்று வளர்த்த இரண்டு ஆண்டுகளோ நேர்காணல்களில் ‘இடைவெளி’ ஆனது. எந்த ஆணிடமும் அவன் அப்பாவான ஆண்டுக்கு விளக்கம் கேட்டதில்லை.

தகுதி பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தாராளமாகப் பாருங்கள். ஒரு வகுப்பைக் கொடுங்கள், பாடம் நடத்தச் சொல்லுங்கள், பிள்ளைகளுக்குப் புரிந்ததா என்று பாருங்கள். பிறந்த மண்ணையும் கட்டியவனின் விசாவையும் பார்ப்பதற்குத் தகுதித் தேர்வு என்று பெயர் வைக்காதீர்கள்.

தோழிகளே, உச்சரிப்பைத் திருத்தும் வகுப்புக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால், இப்போது வேலை செய்யும் பள்ளியில் நியமனக் கடிதம் கேளுங்கள். சம்பளத்தை வங்கியில் போடச் சொல்லுங்கள். ஒரிஜினலைக் கொடுக்காதீர்கள், நகல் போதும். தனியாகக் கேட்டால் திமிர் என்பார்கள். சேர்ந்து கேளுங்கள்.