நிரலும் படிக்கத்தக்க நூலே

கணினி நிரல் பயிலும் மாணாக்கர் பலர், அஃது இயங்கினாற் போதுமென எண்ணுகின்றனர். யாம் அதற்கு உடன்படோம். தேவிபட்டினத்து மீன் விற்பனைக் கணக்கை ‘க = அ * ஆ - இ’ என்றெழுதினும் பொறி பிழையின்றிக் கணிக்கும்; ஆயின், மீன் விற்ற வலைஞருக்கு அதில் யாது விளங்கும்? ‘தொகை = எடை * விலை - கழிவு’ என்றெழுதின், கழிவு எதற்கென்று அவரே கேட்பார்.

1991ஆம் ஆண்டில் வெளிவந்த பைதன் மொழி, வரிகளை உள்தள்ளி எழுதுதலை இலக்கணமாகவே விதித்தது. 2008இல் வந்த அதன் மூன்றாம் பதிப்பு தமிழ்ப் பெயர்களையும் ஏற்றது. முத்தையா அண்ணாமலை இயற்றிய ‘எழில்’ மொழியிலோ ‘பதிப்பி’, ‘முடி’ எனக் கட்டளைகளே தமிழாம்.

கருவிகள் உள, கவனமே வேண்டும். ஆதலின், நிரல் இயங்குவதற்கன்றிப் பிறர்க்கு விளங்குவதற்கும் ஆசிரியர்கள் மதிப்பெண் வழங்குதல் வேண்டுமென்பது எம் துணிபு.