புணேயில் குப்பை யாருக்குச் சொந்தம்? கூட்டுறவுக்கும் ஒப்பந்த நிறுவனத்துக்கும் இடையே ஒரு மாநகரம்

புணே: மகாராஷ்டிர மாநிலம், புணே மாநகரில் வீடு வீடாகச் சென்று குப்பை சேகரிக்கும் பணியின் பெரும்பகுதியை 'ஸ்வச்' என்ற கூட்டுறவு அமைப்பு மேற்கொண்டு வருகிறது. குப்பை எடுக்கும் தொழிலாளர்களே இதன் உரிமையாளர்கள். 3,000-க்கும் மேற்பட்ட உறுப்பினர்களில் பெரும்பாலானோர் தலித் பெண்கள்.

இதன் வேர் 1993-இல் தொடங்கப்பட்ட 'காகத் காச் பத்ரா கஷ்டகரி பஞ்சாயத்' என்ற தொழிற்சங்கத்தில் இருக்கிறது. காகிதம், கண்ணாடி, தகரம் பொறுக்குவோரின் சங்கம் என்பதே அப்பெயரின் பொருள். வீட்டு வாசலிலேயே குப்பையைச் சேகரிக்க வேண்டும் என மத்திய அரசின் 2000-ஆம் ஆண்டு விதிகள் அறிவுறுத்தியபோது, இத்தொழிலாளர்களின் பிழைப்பு ஆட்டம் கண்டது. ஒப்பந்த நிறுவனத்தின் லாரி வாசலுக்கே வந்துவிட்டால், தெருத்தொட்டியில் பொறுக்குவதற்கு எதுவும் மிஞ்சாது. எனவே, அந்தப் பணியைத் தங்களிடமே ஒப்படைக்குமாறு அவர்கள் கோரினர். 2008-இல் மாநகராட்சியுடன் ஒப்பந்தம் கையெழுத்தானது.

இங்கு மாநகராட்சி ஊதியம் தருவதில்லை. வீடுகள் மாதக் கட்டணம் செலுத்துகின்றன. தரம் பிரித்த காகிதம், நெகிழி போன்றவற்றை விற்றுவரும் தொகையும் தொழிலாளிக்கே. பாதுகாப்பு உபகரணங்களும் நிர்வாகச் செலவும் மட்டுமே மாநகராட்சியின் பொறுப்பு.

இந்த வேறுபாடு சிறியதன்று. எடைக்கு ஏற்பப் பணம் பெறும் ஒப்பந்ததாரருக்குக் குப்பை குறைந்தால் வருவாய் குறையும். கூட்டுறவுத் தொழிலாளியோ எவ்வளவு பிரித்தெடுக்கிறாரோ அவ்வளவு சம்பாதிக்கிறார். கிடங்குக்குச் செல்லும் சுமையும் அந்த அளவுக்குக் குறைகிறது. உருளி தேவாச்சி, புர்சுங்கி கிராம மக்கள் தங்கள் பகுதியில் உள்ள குப்பைக் கிடங்கை எதிர்த்துப் பல ஆண்டுகள் போராடியதை நினைவில் கொண்டால் இதன் மதிப்பு விளங்கும்.

அதற்காக இதைக் குறையற்ற ஏற்பாடு என்று கூறிவிட முடியாது. நிலையான மாத ஊதியம் இல்லை. கட்டணம் தர மறுக்கும் வீடுகளால் ஏற்படும் இழப்பு நேரடியாகத் தொழிலாளியின் தலையில் விழுகிறது. பயன்படுத்திய சானிட்டரி நாப்கின்களை வெறும் கையால் பிரிக்க நேர்ந்த அவலத்தை எதிர்த்து, 2013-இல் அவற்றை மூட்டை கட்டித் தயாரிப்பு நிறுவனங்களுக்கே அனுப்பினர். நாப்கினுடன் அதைச் சுற்றி அப்புறப்படுத்துவதற்கான உறையையும் நிறுவனங்கள் வழங்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டு திடக்கழிவு மேலாண்மை விதிகள் கூறின. குப்பை பொறுக்குவோரை நகர அமைப்பில் இணைக்க வேண்டும் என்பதும் அவ்விதிகளில் இடம்பெற்றது.

ஆயினும், 2020 இறுதியில் ஒப்பந்தக் காலம் முடிவடைந்தபோது, பணியைத் தனியாரிடம் அளிக்கும் பேச்சு எழுந்தது. மாநகராட்சியுடன் 2017-இல் 11 கிராமங்களும், 2021-இல் 23 கிராமங்களும் இணைக்கப்பட்ட நிலையில், விரிந்த எல்லைக்கு இயந்திரங்களும் பெரிய வாகனங்களும் தேவை என்ற வாதத்தைப் புறந்தள்ள இயலாது. ஆனால், வாகனத் தேவைக்கும் உரிமையாளரை மாற்றுவதற்கும் தொடர்பில்லை. கூட்டுறவுக்கே வாகனம் வழங்கத் தடை ஏதும் இல்லை. சத்தீஸ்கரின் அம்பிகாபூரில் மகளிர் சுயஉதவிக் குழுக்களே சேகரிப்பையும் தரம் பிரிப்பையும் நடத்துகின்றன.

மத்திய அரசின் 'நமஸ்தே' திட்டம் 2024-இல் குப்பை பொறுக்குவோருக்கும் விரிவுபடுத்தப்பட்டது. அவர்களைக் கணக்கெடுத்தல், பாதுகாப்பு உபகரணம், மருத்துவக் காப்பீடு ஆகியவை அதில் அடங்கும். ஆனால், பிரித்தெடுத்த பொருள் யாருக்குச் சொந்தம் என்பதை இன்றும் உள்ளாட்சி அமைப்புகளின் ஒப்பந்தங்களே முடிவு செய்கின்றன.