வசூலுக்கு எல்லை இல்லை. விசாரணைக்கு மட்டும் எல்லையா?

பெங்களூரில் லாரி, டாக்சி, ஆட்டோ, வேன் ஓட்டிப் பிழைக்கும் நம் தோழர்கள் பலரின் கழுத்தில் ஒரு புதுச் சுருக்கு விழுந்திருக்கிறது. லைசென்ஸ் புதுப்பிக்கப் போகிறார்கள். மருத்துவச் சான்று கையில் இருக்கிறது. கட்டணமும் தயார். ஆனால் கம்ப்யூட்டர் மறுக்கிறது. "உன் பேரில் வேறு மாநிலத்தில் கேஸ் பாக்கி இருக்கிறது. முடித்துவிட்டு வா" என்று அனுப்பிவிடுகிறார்கள். எங்கே கேஸ்? சித்தூர்ப் பக்கம், கிருஷ்ணகிரிப் பக்கம், வாளையாறு தாண்டி. எப்போது போட்டது? நாலு வருஷம், ஐந்து வருஷம் முன்பு. என்ன குற்றம்? ஒரு பிரிவு எண் இருக்கிறது, அவ்வளவுதான்.

சென்ற சில மாதங்களில் இப்படித் திருப்பி அனுப்பப்பட்ட உறுப்பினர்கள் நம் சங்கத்துக்கு ஒருவர் பின் ஒருவராக வருகிறார்கள். ஸ்ரீராமபுரத்திலிருந்து, லிங்கராஜபுரத்திலிருந்து, நீலசந்திராவிலிருந்து வருகிறார்கள். தங்கவயலிலிருந்தும் வருகிறார்கள். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கத்தை மூடி அந்த மக்களை நடுத்தெருவில் விட்டார்கள். மாரிக்குப்பம் ரயிலைப் பிடித்துப் பெங்களூருக்கு வந்து, ஸ்டீயரிங்கைப் பிடித்துப் பிள்ளைகளை வளர்த்தவர்கள் அவர்களில் எத்தனையோ பேர். அந்த ஸ்டீயரிங்கையும் இப்போது பிடுங்கப் பார்க்கிறார்கள்.

நாம் சொல்ல வருவது ஒன்றுதான். பழைய அபராதம் ஒரு கடன். லைசென்ஸ் ஒரு தொழிலாளியின் பிழைப்பு. கடனைக் காட்டிப் பிழைப்பை நிறுத்துவதானால், அதற்கு முன்னால் அவனுக்கு நோட்டீஸ் போக வேண்டும். அவன் இருக்கும் ஊரிலேயே அவன் வாய் திறக்க இடம் வேண்டும். இன்று இரண்டும் இல்லை.

நோட்டீஸ் யாருக்குப் போயிற்று?

முன்பெல்லாம் ஒரு மாநிலத்துக் கேஸ் அடுத்த மாநிலத்து ஆபீசுக்குத் தெரியாது. இன்று நாடு முழுவதற்கும் லைசென்ஸுக்குச் 'சாரதி', வண்டிக்கு 'வாகன்' என்று கம்ப்யூட்டர் பதிவேடுகள் இருக்கின்றன. ஒரு செக்போஸ்ட்டில் தட்டிய சலான் மறு நிமிடமே எங்கும் தெரியும். நல்லதுதான். கள்ள லைசென்ஸ் ஒழிந்தால் நமக்கு நஷ்டமில்லை. ஆனால் கேஸை இவ்வளவு வேகமாக ஓடவிட்ட சர்க்கார், கேஸ் பற்றிய தகவலை அதே வேகத்தில் டிரைவருக்கு அனுப்பியதா?

கேமரா பிடித்த கேஸுக்கு 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்று 2021 ஆகஸ்டில் மத்திய அரசே விதி போட்டது. விதி எண் 167-அ. நோட்டீஸ் போன முகவரி எது? லைசென்ஸில் தர்மபுரிப் பக்கத்துக் கிராமம் இருக்கிறது. அந்த வீடு பூட்டிக் கிடக்கிறது. குடும்பம் பெங்களூரில் வாடகை வீடு மாறி மாறிக் குடியிருக்கிறது. செல்போனுக்குச் செய்தி போயிற்றாம். எந்த செல்போன்? பழைய ஓனர் கொடுத்த நம்பர், அல்லது எப்போதோ தூக்கிப்போட்ட சிம். கேமரா படம் எடுத்தது வண்டி எண்ணை. செய்தி போனது வண்டி ஓனருக்கு. ஓட்டியவனுக்கு ஒரு துண்டுச் சீட்டும் வரவில்லை. புலம்பெயர்ந்து பிழைப்பவனுக்கு நிலையான முகவரி இருக்காது என்பது இந்த அதிகாரிகளுக்குத் தெரியாதா?

ஓனருக்கு லாபம், டிரைவருக்குக் கேஸ்

கேஸ்களைப் பிரித்துப் பார்த்தால் இன்னொரு உண்மை வெளிப்படுகிறது. நம்மிடம் வந்தவற்றில் பல, டிரைவரின் கைக்குள் இல்லாத காரியங்கள். ஓவர்லோடு ஏற்றியது யார்? ஓனரும் சரக்குக் கமிஷன்காரரும். "ஏற்றிக்கொண்டு போ, பிடித்தால் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொன்னது யார்? ஓனர். வண்டிக்கு எஃப்.சி. எடுக்காமல், இன்சூரன்ஸ் கட்டாமல் விட்டதும் அவரே. செக்போஸ்ட்டில் கையை நீட்டி லைசென்ஸைக் கொடுத்தவன் மட்டும் நம் ஆள். அவன் லைசென்ஸ் எண்ணில் கேஸ் ஏறிவிட்டது. ஓனர் அந்த வண்டியையே விற்றுவிட்டு நிம்மதியாக இருக்கிறார்.

2019 செப்டம்பர் 1 முதல் அமலுக்கு வந்த திருத்தச் சட்டத்தில் ஓவர்லோடுக்கு அபராதம் 20,000 ரூபாய். மிகுதியான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். மாதச் சம்பளத்துக்கு ஓட்டுகிறவன் இதைக் கட்டுவதா? மோட்டார் வாகனச் சட்டத்தின் 113-ஆம் பிரிவே, ஓட்டியவன் ஓனராக இல்லாவிட்டால், ஓனருக்குத் தெரிந்தே அல்லது அவர் உத்தரவின் பேரிலேயே ஓவர்லோடு ஏற்றியதாக நீதிமன்றம் கொள்ளலாம் என்று சொல்கிறது. சட்டம் போட்டவர்களுக்குத் தெரிந்த நியாயம் கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை.

பணம் கட்ட இங்கே, வாதாட அங்கே

இந்த ஏற்பாட்டின் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. பல மாநிலங்களில் சலான்களுக்கென்று 'விர்ச்சுவல் கோர்ட்' வைத்திருக்கிறார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டு பணம் கட்டுகிறாயா? அல்சூரில் உட்கார்ந்தபடி செல்போனில் ஐந்து நிமிடத்தில் முடிக்கலாம். "நான் அன்று அந்த ஊரிலேயே இல்லை", "அது என் வண்டி இல்லை" என்று மறுக்கிறாயா? கேஸ் சம்பந்தப்பட்ட ஊர் நீதிமன்றத்துக்கு மாறிவிடும். அங்கே போக வேண்டும். வக்கீல் வைக்க வேண்டும். வாய்தா வாங்கினால் மறுபடி போக வேண்டும். 500 ரூபாய் சலானை மறுக்க மூன்று நாள் கூலி, பஸ் செலவு, வக்கீல் பீஸ். கணக்குத் தெரிந்த எவன் போவான்? செய்யாத குற்றத்தையும் ஒப்புக்கொண்டு பணத்தைக் கட்டிவிட்டு வருவான். இதற்கு நீதி என்று பெயர் வைக்கலாமா?

தூரத்து ஊர் டிரைவரின் கஷ்டம் சட்டத்துக்கு ஒன்றும் புதிதில்லை. சிறு குற்றங்களுக்கு நேரில் வராமல், பதிவுத் தபாலில் ஒப்புக்கொண்டு பணம் அனுப்பலாம் என்று 1988 சட்டத்தின் 208-ஆம் பிரிவு வழி செய்தது. ஒப்புக்கொள்ள அன்று தபால், இன்று செல்போன். மறுப்பவனுக்கு மட்டும் அன்றும் இன்றும் பஸ் டிக்கெட்! செல்போனில் பணம் வாங்கத் தெரிந்த நீதிமன்றம், அதே செல்போனில் வாக்குமூலம் வாங்கக் கூடாதா?

இன்னொன்றும் கேட்போம். அபராதம் மட்டுமே தண்டனையாக உள்ள குற்றத்தை ஆறு மாதத்துக்குள் நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்க வேண்டும் என்பது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 468-ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் வந்த புதுச் சட்டத்திலும் 514-ஆம் பிரிவாக அது அப்படியே இருக்கிறது. தக்க காரணம் இருந்தால் தாமதத்தை நீதிமன்றம் மன்னிக்கலாம். ஆனால் அதை நீதிமன்றம்தான் செய்ய வேண்டும். நீதிமன்ற வாசலையே மிதிக்காமல் ஐந்து வருஷமாகக் கம்ப்யூட்டரில் தூங்கும் சலானுக்கு இந்தக் கெடு கிடையாதா? நீதிபதி எடுக்க முடியாத கேஸை வைத்துக்கொண்டு ஆர்.டி.ஓ. குமாஸ்தா தண்டனை கொடுப்பது எந்த ஊர் நியாயம்?

1985-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் சொன்ன ஒரு தீர்ப்பை நம் வீட்டுப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். ஓல்கா டெல்லிஸ் வழக்கு என்று அதற்குப் பெயர். பம்பாய் நடைபாதைக் குடிசைகளை இடிக்கக் கிளம்பிய மாநகராட்சியை எதிர்த்து வழக்குப் போட்டவர்களில் ஒருவர் நம்மைப் போன்றவர். பஞ்சத்தில் வேலை போய், 1961-இல் சேலத்திலிருந்து பம்பாய் போன நிலமற்ற தொழிலாளி. அந்த வழக்கில் இடிப்பை நீதிமன்றம் அடியோடு தடுத்துவிடவில்லை. ஆனால் வாழ்வுரிமையில் பிழைப்புரிமையும் அடங்கும், நியாயமான நடைமுறை இல்லாமல் அதைப் பறிக்கக் கூடாது, பாதிக்கப்படுகிறவன் சொல்வதைக் கேட்க வேண்டும் என்று தெளிவாகச் சொன்னது. டிரைவருக்கு லைசென்ஸ்தானே பிழைப்பு?

"சாலைப் பாதுகாப்பு" என்பார்கள்

உடனே ஒரு கூட்டம் கேட்கும்: "அபராதம் கட்டாதவனை அப்படியே விடுவதா? சாலையில் சாகிறவர்களைப் பற்றிக் கவலை இல்லையா?" கவலை இருக்கிறது. சாலையில் அதிகம் சாவது நடந்துபோகும் ஏழையும் இரண்டு சக்கர வண்டித் தொழிலாளியும்தான். குடித்துவிட்டு ஓட்டியவனுக்கும், ஆளை மோதிவிட்டு ஓடியவனுக்கும் நாம் வக்காலத்து வாங்கவில்லை. அவன் லைசென்ஸை விசாரித்து ரத்து செய்யட்டும். அதற்குச் சட்டத்தில் தனி இடம் உண்டு. ஐந்து வருஷத்துக்கு முன் நோ பார்க்கிங்கில் நிறுத்தியவனுக்கு லைசென்ஸ் மறுத்தால் எந்தச் சாலை பாதுகாப்பாகிவிடும்?

ரயில்வேயில் வேலை செய்யும் நாங்கள் ஒன்று சொல்கிறோம். டிக்கெட் இல்லாமல் ஜோலார்பேட்டையில் பிடிபட்டவன் அபராதம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவார்கள். கணக்கு அங்கே தீர்ந்துவிடும். ஐந்து வருஷம் கழித்து அவன் கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் வரிசையில் நின்றால், "உனக்கு டிக்கெட் இல்லை, போ" என்று எந்தக் கிளார்க்கும் சொல்வதில்லை.

லைசென்ஸ் மறுக்கப்பட்டவன் என்ன செய்வான்? வண்டியை விட்டுவிட்டுப் பட்டினி கிடப்பானா? லைசென்ஸ் இல்லாமலே ஓட்டுவான். 2019 திருத்தம் அதற்கு மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம் என்று வைத்தது. காலாவதியாகி ஓராண்டு தாண்டினால் மறுபடியும் ஓட்டிக் காட்டித் தேர்வு எழுத வேண்டும் என்றும் வைத்தது. சின்னக் கடனுக்காகப் பெரிய குற்றவாளியை உற்பத்தி செய்யும் ஏற்பாடு இது. நடுவில் கொழுப்பவர் புரோக்கர்.

மற்ற இடங்களில் நடந்ததைப் பாருங்கள்

வழியே இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். உத்தரப் பிரதேச அரசு 2023-இல் சட்டம் கொண்டுவந்து, கடுமையான குற்றங்களும் வரி பாக்கியும் நீங்கலாக, 2021 கடைசி வரையிலான பழைய போக்குவரத்து வழக்குகளை முடித்துவைத்தது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம், அபராதம் கட்ட முடியாத காரணத்துக்காக லைசென்ஸை முடக்கும் வழக்கத்தை 2017-இல் கைவிட்டது. ஃபின்லாந்தில் 1921 முதல், கடுமையான குற்றங்களுக்கு வருமானத்தைப் பார்த்தே அபராதம்.

கர்நாடகத்திலும் 2023 பிப்ரவரியில் போக்குவரத்துப் பாக்கிக்குப் பாதித் தள்ளுபடி கொடுத்தார்கள். ஜனங்கள் வரிசையில் நின்று கட்டினார்கள். பெங்களூரில் மட்டும் 100 கோடி ரூபாய்க்கு மேல் வசூலாயிற்று. 2025-இலும் தள்ளுபடி வந்தது. கட்டக்கூடிய தொகையாக்கினால் மக்கள் கட்டுவார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? ஆனால் அது கர்நாடகத்தில் போட்ட கேஸுக்கு மட்டும். ஜூஜூவாடியில் போட்டதற்கும் நங்கலி தாண்டிப் போட்டதற்கும் இல்லை.

டில்லியோ எதிர்த் திசையில் நடக்கிறது. 45 நாளுக்குள் கட்டு அல்லது மறுத்துச் சொல், இரண்டும் இல்லையென்றால் ஒப்புக்கொண்டதாக அர்த்தம், பாக்கி இருந்தால் லைசென்ஸ் மனுவையே எடுக்க மாட்டோம் என்ற எண்ணத்தோடு 2025-இல் வரைவு விதி வெளியிட்டார்கள். நோட்டீஸே கிடைக்காதவனின் மௌனத்தைச் சம்மதமாக எண்ணுவார்களாம்!

இது தமிழன் - கன்னடியன் சண்டை அல்ல. ஓசூரில் சலான் வாங்கிய கோலார்க் கன்னட டிரைவரும் இதே வரிசையில்தான் நிற்கிறார். 2016 செப்டம்பர் 12 அன்று தமிழ்நாட்டு நம்பர் பார்த்து இந்த ஊரில் வண்டிகளைக் கொளுத்தியபோது பிழைப்பை இழந்தது யார் என்பது நமக்கு மறந்துவிடவில்லை. அதனால்தான் சொல்கிறோம்: இரண்டு மொழி டிரைவர்களும் ஒரே மனுவில் கையெழுத்துப் போட வேண்டும்.

நம் கோரிக்கைகள்

1. நோட்டீஸ் சேர்ந்ததற்கு ஆதாரம் இல்லாத சலானைக் காட்டி லைசென்ஸ் புதுப்பிப்பதை நிறுத்தக் கூடாது.

2. கெடு தாண்டியும் நீதிமன்றத்துக்குப் போகாத சலான்களைப் பதிவேட்டிலிருந்து நீக்க வேண்டும்.

3. மறுப்பவர் தாம் குடியிருக்கும் ஊரிலிருந்தே செல்போன் வழியாகத் தம் மொழியில் பதில் சொல்ல வழி வேண்டும்.

4. ஓவர்லோடு, எஃப்.சி., இன்சூரன்ஸ் கேஸ்களை ஓனர் பேரில் எழுத வேண்டும்.

5. அண்டை மாநிலங்கள் சேர்ந்து பொதுத் தள்ளுபடியும் தவணையும் அறிவிக்க வேண்டும்.

உறுப்பினர்கள் இப்போதே செய்ய வேண்டியவை: லைசென்ஸ் முடிவதற்கு ஓராண்டு முன்பே மனுப் போடலாம், கடைசி வாரம் வரை காத்திருக்காதீர்கள். லைசென்ஸ் எண்ணையும் ஓட்டிய வண்டிகளின் எண்களையும் கொண்டு பாக்கி உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள். செல்போன் நம்பரையும் முகவரியையும் திருத்துங்கள். புரோக்கரிடம் பணம் கொடுக்காதீர்கள். பெண்களுக்கும், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கும், வருமானம் குறைந்தவர்களுக்கும் 1987 சட்டப்படி இலவச வக்கீல் உதவி உண்டு. சித்தையா ரோட்டில் 'நியாய தேகுல' கட்டடத்தில் மாநிலச் சட்டப் பணிகள் ஆணையம் இருக்கிறது. ஓனர் சொல்லி ஓட்டிய லோடுக்கு டிரிப் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். அதுதான் உங்கள் சாட்சி.

சலான் காகிதத்தோடு சங்கத்துக்கு வாருங்கள். எந்த ஊர், எந்த வருஷம், என்ன பிரிவு, நோட்டீஸ் வந்ததா என்று ஒவ்வொன்றாக எழுதிப் பட்டியல் தயாரித்து வருகிறோம். அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு இரண்டு மாநிலப் போக்குவரத்துத் துறைகளின் வாசலுக்கும் போவோம். பக்கத்து ஸ்டாண்டில் நிற்கும் கன்னடத் தோழரையும், தெலுங்குத் தோழரையும் கூட அழைத்து வாருங்கள்.