உஷ்! அப்பா தூங்குகிறார்!

காலை மணி 7.

பம்மலில் பொழுது நன்றாக விடிந்துவிட்டது. தெருவில் பால் பாக்கெட் சைக்கிள் போகிறது. பள்ளிக்கூட வேன் ஹாரன் அடிக்கிறது. குழாயடியில் குடங்கள் மோதுகின்றன.

ஊரே விழித்து எழும் அந்த நேரத்தில் ஒருவர் படுக்கையைத் தேடி வீட்டுக்கு வருகிறார். கண்கள் சிவந்திருக்கின்றன. நடை தள்ளாடுகிறது.

குடித்தவரோ? இல்லை. இரவு ஷிப்டு முடித்து வருபவர்!

இப்படிப்பட்டவர்கள் பம்மலில் ஒருவர், இருவர் அல்ல. பக்கத்தில் மீனம்பாக்கம் விமான நிலையம். குரோம்பேட்டையில் ஆஸ்பத்திரிகளும் பஸ் டெப்போவும். தெற்கே தாம்பரத்தில் ரெயில் நிலையமும், 1984-ல் அமைந்த ஏற்றுமதித் தொழிற்பேட்டையும். நாகல்கேணியில் தோல் தொழிற்சாலைகள். குரோம்பேட்டை என்ற பெயரே அங்கிருந்த குரோம் தோல் கம்பெனியால் வந்ததுதான்.

1931-ல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் மின்சார ரெயில் விட்டார்கள். அன்று முதலே இந்தப் பக்கத்து ஜனங்கள் சூரியனைப் பார்த்து வேலைக்குப் போவதை விட்டு, கடிகாரத்தைப் பார்த்துப் போகத் தொடங்கினார்கள். இப்போது கடிகாரம் இரவு 10 மணிக்கும் வேலைக்குக் கூப்பிடுகிறது.

போகிறவர் போகிறார். சம்பளமும் வருகிறது. தூக்கம் மட்டும் வருவதில்லை!

மூதேவி வருவாளா?

வீட்டில் ஒரு பாட்டி இருப்பார். "பட்டப்பகலில் படுத்துத் தூங்கினால் மூதேவி வந்து உட்கார்ந்து கொள்வாள்" என்பார்.

பாட்டியின் மேல் குற்றம் இல்லை. பகலில் தூங்காதே என்பது சித்த வைத்தியத்தின் பழைய விதி. ஆனால், அந்த விதி யாருக்கு? இரவெல்லாம் நன்றாகத் தூங்கிவிட்டு, சாப்பிட்டவுடன் மறுபடியும் திண்ணையில் சாய்கிறவருக்கு!

இரவு முழுவதும் நோயாளிக்குப் பக்கத்தில் நின்ற நர்சுக்கு அது பொருந்துமா? விமானத்தில் பெட்டிகளை ஏற்றிய தொழிலாளிக்குப் பொருந்துமா? அவருக்குப் பகல்தான் இரவு. அவர் பகலில் தூங்குவது சோம்பல் ஆகாது.

இதை முதலில் வீட்டில் உள்ளவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். தூக்கத்துக்கான மருந்துகளில் முதல் மருந்து இதுதான்.

தலைக்குள் ஒரு கடிகாரம்

இரவு ஷிப்டுக்காரர் களைத்துத்தான் வருகிறார். படுத்தவுடன் தூங்கிவிட வேண்டியதுதானே? ஏன் முடியவில்லை?

மனிதனின் மூளைக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. ஒரு கடுகு அளவுகூட இராத இடம் அது. எப்போது தூங்குவது, எப்போது விழிப்பது, எப்போது பசிப்பது என்று உடம்புக்கு உத்தரவு போடுவது அதுதான். இந்த உயிர்க் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று கண்டறிந்த 3 அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 2017-ல் நோபல் பரிசு கிடைத்தது.

தமிழ்நாட்டிலும் இந்த ஆராய்ச்சி வெகு காலத்துக்கு முன்பே நடந்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம்.கே.சந்திரசேகரன் இதில் பெயர் பெற்றவர். வெளிச்சமும் சத்தமும் புகாத அறை ஒன்று அங்கே கட்டப்பட்டது. உள்ளே போகிறவருக்குக் கடிகாரம் கிடையாது. ரேடியோ கிடையாது. சூரியன் எப்போது உதித்தது, எப்போது மறைந்தது என்று தெரியாது. அப்போதும் அவர் ஒழுங்காகத் தூங்கினார், விழித்தார். ஆனால், அவருடைய ஒரு "நாள்" 24 மணி நேரத்தைவிடச் சற்று நீண்டது!

அவரும் அவருடைய குழுவினரும் மதுரைப் பக்கத்துக் குகைகளில் வௌவால்களையும் ஆராய்ந்தார்கள். அது இன்னும் ருசிகரமானது. இருட்டுக் குகைக்குள் ஒரு வௌவாலைக் கூண்டில் அடைத்தார்கள். குகையில் மற்ற வௌவால்கள் வந்து போய்க் கொண்டிருந்தவரை, சூரியனையே பாராத கூண்டு வௌவாலும் அவற்றின் நேரத்துக்குச் சரியாக விழித்தது. வேறு வௌவால்களே இல்லாத குகையில் வைத்தபோது அதன் கடிகாரம் தன் போக்கில் நகரத் தொடங்கியது.

வௌவாலுக்கே சுற்றத்தாரின் நடமாட்டம் கடிகாரம் ஆகிறது! மனிதனுக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய கடிகாரம் வெளிச்சம்தான். காலை வெயில் கண்ணில் பட்டதும், "விடிந்துவிட்டது, எழுந்திரு" என்று மூளை உத்தரவு போட்டுவிடும். தூக்கத்தைத் தூண்டும் மெலடோனின் என்ற சுரப்பு அடங்கிவிடும். களைத்த உடம்பு "படு" என்கிறது. மூளை "எழு" என்கிறது. இரவு ஷிப்டுக்காரர் இந்த இரண்டுக்கும் நடுவே அகப்பட்டுக் கொள்கிறார்.

வெயிலை ஏமாற்ற வேண்டும்!

ஆகவே, தூக்கத்துக்கான ஏற்பாடு வீட்டில் தொடங்குவது இல்லை. வேலை முடிந்து வாசலைத் தாண்டும்போதே தொடங்குகிறது. பஸ்சிலோ ரெயிலிலோ வருகிறவர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வரலாம். யாராவது சிரித்தால் சிரிக்கட்டும்! வழியில் வெயிலில் நின்று அரை மணி நேரம் பேசுவது கூடாது.

படுக்கும் இடம் இருட்டாக இருக்க வேண்டும். கெட்டியான கறுப்புத் துணி, பழைய கம்பளி, எதுவானாலும் சரி. ஜன்னலை நன்றாக மூடினால் போதும். அதுவும் முடியாவிட்டால் கண்ணுக்கு மேல் மடித்த கைக்குட்டையைக் கட்டிக்கொள்ளலாம். செலவே இல்லை.

அடுத்த எதிரி வெக்கை. பம்மலில் சிமெண்ட் ஷீட் போட்ட வீடுகள் உண்டு. சித்திரை மாதத்து மத்தியானத்தில் அதன் கீழே படுத்திருப்பவர் தூங்குவது எப்படி? தூக்கம் வர வேண்டுமானால் உடம்பின் உள்சூடு சற்று இறங்க வேண்டும். பழைய காலத்தில் வெட்டிவேர்த் தட்டியில் தண்ணீர் தெளித்துத் தொங்கவிடுவார்கள். வறண்ட ஊர்களுக்கு அது சரி. சென்னைப் பக்கத்துப் புழுக்கத்தில் அதனால் கிடைக்கும் குளிர்ச்சி குறைவு. இங்கே கூரைக்கு மேல் வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பது நல்ல பலன் தரும். வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். இரண்டு அறை இருந்தால், வெயில் படாத பக்கத்து அறையை ஷிப்டுக்காரருக்குக் கொடுத்துவிட வேண்டும். பீரோவும் டெலிவிஷனும் மற்ற அறையில் இருக்கட்டும்.

படுப்பதற்கு முன் வெதுவெதுப்பான நீரில் குளிப்பது நல்லது. கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கும். சூட்டைக் குறைக்க வெந்நீரா? ஆம்! வெந்நீர் பட்டதும் ரத்தம் தோலுக்கு ஓடி வருகிறது. உள்ளே இருக்கும் சூடு தோல் வழியாக வெளியேறுகிறது. சற்று நேரத்தில் உடம்பு குளிர்ந்து கண் சொக்கும்.

கடைசி டீ எப்போது?

இரவு வேலையில் டீ ஒரு துணை. அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால், விடியற்காலை 5 மணிக்குக் குடித்த டீ, காலை 10 மணிக்கும் உடம்பில் பாதி வேலை செய்துகொண்டிருக்கும். டீயிலும் காப்பியிலும் உள்ள காபின் என்ற பொருள் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். எனவே கடைசி டீயை இரவு 2 மணியோடு நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம்.

சாப்பாடும் அப்படியே. வயிற்றுக்கும் இரவு, பகல் தெரியும். பகலில் சாப்பிடும் அதே சோற்றை நள்ளிரவில் சாப்பிட்டால் ரத்தத்தில் சர்க்கரை கூடுதலாக ஏறுகிறது. நள்ளிரவில் பரோட்டாவும் சால்னாவும் சாப்பிடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வேலைக்குப் புறப்படும் முன்பே வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, இரவில் இரண்டு இட்லி, சுண்டல், வாழைப்பழம் என்று லேசாக முடித்துக்கொள்ளலாம். காலையில் வெறும் வயிற்றோடும் படுக்க வேண்டாம், பசி எழுப்பிவிடும். சர்க்கரை வியாதிக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள், ஷிப்டு மாறும்போது எந்த வேளையில் மருந்து சாப்பிடுவது என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்வது அவசியம்.

பாலில் ஜாதிக்காய் உரைத்துக் கொடுக்கும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. ஒரு சிட்டிகை என்றால் பாதகம் இல்லை. தூக்கம் வரவில்லையே என்று அதிகமாகச் சேர்த்தால் தலை சுற்றும், நெஞ்சு படபடக்கும். ஜாதிக்காய் அளவு மீறினால் நஞ்சு.

மதுவோ? அது தூங்க வைப்பதுபோல் நடிக்கும். இரண்டு, மூன்று மணி நேரத்தில் எழுப்பிவிடும். கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வதும் ஆபத்து.

பகலில் ஒரே மூச்சில் 7 மணி நேரம் தூங்க முடியாதவர்கள் கவலைப்பட வேண்டாம். காலையில் 4, 5 மணி நேரம் தூங்கலாம். மாலையில் வேலைக்குப் போகும் முன் ஒன்றரை மணி நேரம் தூங்கலாம். இரண்டும் கணக்கில் சேரும்.

குடிக்காமலே போதை!

1997-ல் ஆஸ்திரேலியாவில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தவர்களின் கையும் கண்ணும் எப்படி வேலை செய்கின்றன என்று சோதித்தார்கள். 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் சாராயம் ஏறியவர்களைப்போல அவர்கள் தடுமாறினார்கள். இந்தியாவில் 30 மில்லிகிராமைத் தாண்டினாலே வண்டி ஓட்டுவது குற்றம்!

காலையில் எழுந்து, பகலில் தூங்காமல், இரவு வேலைக்கும் போய்விட்டு, மறுநாள் காலை ஜி.எஸ்.டி. ரோட்டில் மோட்டார் சைக்கிளில் வருகிறவர் 24 மணி நேரம் விழித்திருப்பவர். அவரைப் பிடித்து ஊதச் சொன்னால் ஒன்றும் வராது. லாரிக்காரருக்கு அது தெரியுமா?

கண் சொக்கினால் வேலை இடத்திலேயே 20 நிமிடம் கண்ணை மூடிவிட்டுப் புறப்பட வேண்டும். வீட்டில் இருப்பவர்கள், "ஏன் இவ்வளவு நேரம்?" என்று போன் மேல் போன் போடக்கூடாது.

அம்மாவுக்கு யார் கதவைச் சாத்துவது?

இரவு ஷிப்டுக்குப் போகிறவர் அப்பாவாக இருந்தால், "உஷ்! அப்பா தூங்குகிறார்" என்று குழந்தைகளை அடக்க அம்மா இருக்கிறார். அம்மாவே இரவு ஷிப்டுக்குப் போனால்?

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், இரவு 7 மணி முதல் காலை 6 மணி வரை பெண்களைத் தொழிற்சாலையில் வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. 2000-ல் சென்னை ஐகோர்ட்டு அந்தப் பிரிவைச் செல்லாது என்று தீர்ப்பளித்தது. இரவில் வேலை செய்ய அவளுக்கு உரிமை கிடைத்தது. பகலில் தூங்க உரிமை கிடைத்ததா?

காலையில் வீட்டுக்கு வருகிறாள். இட்லி ஊற்றுகிறாள். பிள்ளைக்குத் தலை வாருகிறாள். துணி ஊற வைக்கிறாள். 11 மணிக்குப் படுக்கிறாள். 12 மணிக்கு கியாஸ் சிலிண்டர் வருகிறது. இதற்கு எந்தக் கோர்ட்டுக்குப் போவது? மாவு அரைப்பதையும் பிள்ளையைக் கிளப்புவதையும் புருஷன் செய்தால் என்ன? கை தேய்ந்துவிடுமா?

ஒலிபெருக்கியும் முதலாளியும்

இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்கின்றன 2000-ஆம் ஆண்டு விதிகள். நல்ல விதிதான். ஆனால், அது இரவில் தூங்குபவரை மட்டுமே காப்பாற்றுகிறது! குடியிருப்புப் பகுதியில் பகல் சத்தம் 55 டெசிபலைத் தாண்டக்கூடாது என்றும் அதே விதிகளில் இருக்கிறது. கலியாணப் பந்தலிலும் கோவில் திருவிழாவிலும் யார் அதை அளக்கிறார்கள்? பம்மல் 2021-ல் தாம்பரம் மாநகராட்சியில் சேர்ந்தது. மாநகராட்சி அதிகாரிகளும் போலீசாரும் பகல் சத்தத்தையும் கொஞ்சம் காதில் வாங்கிக்கொள்ளலாம்.

முதலாளிகளுக்கும் இதில் பங்கு உண்டு. ஷிப்டு மாற்றும்போது காலை, மாலை, இரவு என்று முன்னோக்கி மாற்ற வேண்டும். இரவு, மாலை, காலை என்று பின்னோக்கி மாற்றினால் உடம்பு திணறும். மதுரை அறையில் பார்த்தோமே, மனிதனின் கடிகாரம் 24 மணிக்குச் சற்று அதிகமாக ஓடுகிறது. தூக்கத்தைத் தள்ளிப்போட அதற்குச் சம்மதம். முன்னே இழுத்தால் முரண்டு பிடிக்கும்.

வாராந்தர விடுமுறையிலும் ஒரு சூட்சுமம் உண்டு. நள்ளிரவைத் தாண்டி வேலை செய்தவருக்கு, அவருடைய ஷிப்டு முடிந்த நிமிடத்தில் இருந்து தொடர்ந்து 24 மணி நேரம் விடுமுறை என்று 1948-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே எழுதி வைத்தார்கள். ஞாயிறு காலை 6 மணிக்கு வேலை முடிந்து வந்தவரை, அன்று இரவே "ஞாயிற்றுக்கிழமைதான் லீவு கொடுத்தாயிற்றே, வா" என்று கூப்பிடுவது முறையல்ல என்று அந்தக் காலத்திலேயே தெரிந்திருக்கிறது.

வாசலில் ஒரு அட்டை

வீட்டுக்குச் செலவில்லாத யோசனை ஒன்று. பிள்ளைகளிடம் ஒரு அட்டையைக் கொடுத்து, பெரிய எழுத்தில் எழுதச் சொல்லலாம். "இரவு வேலை செய்தவர் தூங்குகிறார். மணி அடிக்க வேண்டாம். பார்சல் வந்தால் பக்கத்து வீட்டில் கொடுக்கவும். 3 மணிக்குப் பிறகு வரவும்."

எழுதிய பிள்ளையே வாசலில் காவலும் இருக்கும்.